ஜூன் முப்பத்தொன்று

ஜூன் மாதத்துக்கு முப்பது நாள்தான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் அது தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதற்கும் வேலை வந்ததில்லை. அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வருவாள், இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒருநாளும் அவள் உள்ளே வந்ததில்லை.

அப்படி வளர்ந்து பி.ஏ. முடித்த நான், என் கையால் ஒரு காலண்டர் போட்டு, அதில் ஜூன் மாதத்துக்கு முப்பத்தோரு கட்டம் விட்டேன். அந்த ஒரு கட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் பட்டியலே இருக்கிறது. அக்காவின் மாமியார், அந்த வைத்தியர், அம்மா, நான். அக்கா பேர் அதில் இருக்கவே கூடாது. ஆனால் என் கோபத்தை முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்தான்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில் மச்சான் அக்காவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுப் போனார். ஒரு துணிப்பை, ஒரு பித்தளைச் சொம்பு, அக்கா. குழந்தையைக் காணோம். ரெண்டு வயசுப் பிள்ளை. ஏன் கூட்டி வரவில்லை என்று அம்மா கேட்டதற்கு மச்சான் மாட்டுக்குத் தண்ணி காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். அக்காதான் சொன்னாள். மூன்று மாசமாக இருமல், சாயந்திரமானால் காய்ச்சல். பக்கத்து ஊரில் யாரோ காசம் என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, டாக்டரிடம் நல்லாயிருச்சு என்று சீட்டு வாங்கி வந்தால்தான் வாசப்படி ஏறலாம், பிள்ளையைத் தொடலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் காட்டினோம். காசம்தான். முதல் ரெண்டு மாசம் ஊசி, அதற்குப் பிறகு பத்து மாசம் மாத்திரை. தினமும் காலையில் மூன்று. ஒருநாள்கூட விடக் கூடாது. மாசம் ஒருதடவை வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளவேண்டும். ஒரு வருஷம் கழித்து எல்லாம் சரியாக இருந்தால் சீட்டு.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பன்னெண்டு மாசம் போயிட்டா பிள்ளையத் தூக்கலாம்ல?"

ஊசி போடும் காலம் ஒழுங்காகப் போனது. ஊருக்குப் பக்கத்திலேயே நர்ஸம்மா இருந்தார்கள். மாத்திரை ஆரம்பித்த முதல் மாசமே கோளாறு. அடுத்து எப்போது வரவேண்டும் என்று ஆஸ்பத்திரி அட்டையில் எழுதித் தந்திருந்தார்கள். அம்மா அந்த அட்டையை பத்திரமாக முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். பத்திரம் என்றால் அம்புட்டு பத்திரம், யாருக்கும் ஞாபகமே வரவில்லை. ஒன்பது நாள் தள்ளிப் போய் நின்றோம். மாத்திரை கொடுக்கும் அம்மா வரிசையில் இத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, நீ படிச்ச பையன்தானே என்று கேட்டார். ஆரப்பாளையம் வரைக்கும் நடந்தே வந்தேன்.

ஆரப்பாளையத்தில்தான் எனக்கு வேலை. ஒரு லாட்ஜில் ரிஜிஸ்தர் எழுதுவேன். வேலைவாய்ப்பு ஆபீஸிலிருந்து கார்டு வரும்வரைக்கும் என்று சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அங்கேயே மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போவேன். விளாங்குடி, பரவை தாண்டி பஸ்ஸில் போய், இறங்கி வாய்க்கால் கரையில் நாலு மைல் நடக்கவேண்டும். அதனால் தினமும் மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்க வழியில்லை. நான் இல்லாத ஆறு நாளும் எனக்குப் பதிலாக ஒன்று சுவரில் நிற்கவேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் காலண்டர் இல்லாமல் இல்லை. பரவை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரர் வருஷாவருஷம் கொடுக்கும் தினக்காலண்டர் தொங்கியது. ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி எல்லாம் அதில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஆள் யாராவது வந்தால் படித்துச் சொல்லுவார்கள். அம்மா காலையில் சாணி தெளித்துவிட்டு வந்து முதல் வேலையாக ஒரு தாளைக் கிழிப்பாள். கிழித்த தாளில் திருநீறு மடிப்பாள், சீரகம் மடிப்பாள். அந்தக் காலண்டரில் எனக்குப் பிடிக்காதது அதுதான். நேற்று என்று ஒன்று அதில் இருக்கவே இருக்காது. நேற்று மாத்திரை சாப்பிட்டாளா என்று அதைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? கடைகளில் தரும் மாதக் காலண்டரோ சாமி படம் முக்கால்வாசி, கட்டம் தீப்பெட்டி அளவுகூட இல்லை.

நானே போடுவது என்று முடிவு செய்தேன்.

லாட்ஜுக்கு எதிர்ச் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவரிடம் கேட்டு, மிஞ்சிய போஸ்டர் ரெண்டு வாங்கினேன். பின்பக்கம் நல்ல வெள்ளை. ரெண்டையும் மைதாப் பசையால் சேர்த்து ஒட்டி, பழைய காலண்டரிலிருந்து தகரப் பட்டையைக் கழற்றி மேலேயும் கீழேயும் மாட்டினேன். மத்தியான நேரம், ரூமெல்லாம் காலியாகி அடுத்த ஆள் வராத நேரத்தில், கவுண்டர் மேஜையில் விரித்துவைத்து ஸ்கேலால் கோடு போட்டேன். மாசத்துக்கு ஒரு வரி. வரிக்கு முப்பத்தோரு கட்டம். எல்லா வரிக்கும் ஒரே கோடாக மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, முப்பது நாள் மாசங்களுக்குக் கடைசிக் கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது என்று திட்டம். மாத்திரை வாங்கப் போகும் நாளுக்குச் சிவப்பு வட்டம்.

கூட வேலை பார்த்தவன் சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இது எதற்கு என்று அவனுக்கு விளக்கிச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாப்ள, வருஷத்தை நீதான போடுற? அப்படியே எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை சேத்துப் போட்டுரு" என்றான். சிரித்துவிட்டோம். ஏப்ரலின் கடைசிக் கட்டத்தை அடித்திருந்தேன். சிரித்து முடித்துப் பேனாவை எடுத்தபோது செப்டம்பரை அடித்தேன், நவம்பரை அடித்தேன், பிப்ரவரியில் மூன்றை அடித்தேன். ஜூன் நின்றுவிட்டது.

அந்த லாட்ஜைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ரிஜிஸ்தரில் வருகிறவர் பெயர், ஊர், எதற்காக வந்தார் என்று பத்தி பத்தியாக இருக்கும். பாதிப் பேர் பெயரை மட்டும் கிறுக்கிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சனிக்கிழமை சாயந்திரம் மேனேஜர் ரிஜிஸ்தரைப் புரட்டுவார். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பார். நான் உட்கார்ந்து நிரப்புவேன். திண்டுக்கல், தேனி, சொந்த வேலை, கல்யாணம், சொந்த வேலை. வாரம் தவறாமல் அதைச் செய்துகொண்டிருந்தவன் நான். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

காலண்டரைச் சுருட்டி பஸ்ஸில் கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமை, அப்பா தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். என் மகன் போட்டது என்றார். வருஷம் பூராவையும் ஒரே தாளில் போட்டுவிட்டான் என்றார். அடுப்பங்கரைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். பென்சிலை நூலில் கட்டி அதிலேயே தொங்கவிட்டேன். மாத்திரை முழுங்கியதும் அன்றைய கட்டத்தில் ஒரு டிக் போடவேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அதுவரைக்கும் பென்சிலைப் பிடித்ததில்லை. அரிவாளைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள். முதல் டிக் தாளைக் கிழித்துவிட்டது. ரெண்டாவது, மூன்றாவது போட்டுப் பழகி, நாலாவது நன்றாக வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மொத்தம் எத்தனை என்று கேட்டாள். முன்னூத்துச் சொச்சம் என்றேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக் கடைசி வரிக்கு வந்து, "இங்க வந்தா வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள்.

அப்படித்தான் என்றேன். அப்படி இல்லை என்று நான் அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். கட்டம் நிறைந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது வேறு. நோய் போனால் வீட்டுக்குப் போகலாம் என்பது வேறு.

ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை போனபோது ரெண்டு கட்டம் காலி. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நாலு மைல் வெயிலில் நடந்து வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, இந்த நாள் ஏன் இல்லை, அந்த நாள் ஏன் இல்லை என்று கேட்டேன். தலை கிறுகிறுத்தது, வாந்தி வந்தது என்றாள். வாந்தி வந்தால் மறுபடி முழுங்கு என்றேன். மேனேஜர் சொன்னதையே சொன்னேன். "கட்டம் காலியா இருக்கக் கூடாது." அப்பா பின்னாலிருந்து, படிச்சவன் சொன்னால் கேட்கவேண்டும் என்று ஒத்து ஊதினார். அக்கா பென்சில் நூலை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள்.

அதற்குப் பிறகு ஒரு கட்டமும் காலியாக இல்லை. மே மாசம் நிறைந்தது, ஜூன் நிறைந்தது, ஜூலை நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்ப்பேன், வயிறு குளிர்ந்துவிடும். லாட்ஜில் கூட வேலை பார்த்தவனிடம் பெருமையடித்தேன். சிவப்பு வட்டம் போட்ட நாளெல்லாம் நானே அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி, வருகிற போகிற ஊர்க்காரர்களிடம் கொடுத்தனுப்பினேன். அக்கா மெலிந்துகொண்டே வந்தாள். மாத்திரை அப்படித்தான் பண்ணும் என்று நினைத்தேன். படித்தவன் நினைத்தான்.

ஆகஸ்ட் மாசம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். அக்காவைக் கூட்டிப் போனேன். சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொண்டுபோனேன். டாக்டரம்மா பார்த்து நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுவார்கள் என்று ஒரு ஆசை.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பழையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். நான் மேஜையில் காலண்டரை விரித்தேன். ரெண்டு பக்கமும் சுருண்டுகொண்டது, ஒரு பக்கம் பேப்பர் வெயிட்டை வைத்தேன், மறுபக்கம் கையை வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். நல்லாப் போட்டிருக்கியே தம்பி என்றார். ஆசைப்பட்ட வார்த்தை வந்துவிட்டது. அது முழுசாகக் காதில் இறங்குவதற்குள் அவர் விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

"ஜூனுக்கு முப்பத்தொண்ணு உண்டா தம்பி?"

நான் குனிந்து பார்த்தேன். ஜூன் வரியில் கடைசிக் கட்டம். சிவப்பு மையில் அடிக்கவில்லை. அதற்குள் ஒரு டிக். அழகான டிக். அதற்குள் அக்காவுக்கு நன்றாகவே போட வந்திருந்தது.

டாக்டரம்மா அக்காவைத்தான் பார்த்தார். சத்தம் போடவில்லை. "இந்த நாளும் மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?" என்றார்.

"சாப்ட்டேம்மா" என்றாள் அக்கா.

பின்னால் நின்ற ஆள் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். எனக்குக் காது ரெண்டும் எரிந்தது. டாக்டரம்மா காலண்டரைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, நிறைய நாள் மாத்திரை உள்ளே போகவில்லை என்று எக்ஸ்ரே சொல்கிறது என்றார். நடுவில் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் பிறகு எந்த மருந்துக்கும் அடங்காது என்றார். மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். இன்றையிலிருந்து ஒரு வருஷம்.

அக்கா அந்த ஒரு வருஷத்தைக் கேட்டதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் அவள் பெண்கள் சீட்டில், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால். விளாங்குடி போனது. பரவையில் வெங்காய மூட்டையும் ஆளுமாக ஏறி என்னையும் காலண்டரையும் நசுக்கினார்கள். நசுங்கட்டும் என்று விட்டேன். வாய்க்கால் கரையில் அவளுக்கு இருபது அடி முன்னாலேயே நடந்தேன். நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவள் இருமுவது கேட்டுக்கொண்டே வந்தது.

வீட்டுக்குள் போனதும் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். சாப்பிடாத மாத்திரையெல்லாம் எங்கே என்று கேட்டேன். அம்மாதான் உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மண்சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மேலே துணி கட்டியிருந்தது. அவிழ்த்தேன். உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்கள். திருநீறு மடிக்கிற மாதிரி மடித்தவை. ஒன்றைப் பிரித்தேன். மூன்று மாத்திரை. தாள், தினக்காலண்டரில் கிழித்த தாள். ஜூன் 6.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மே மாசக் கடைசியில் அக்காவின் மாமியார் ஆள் சொல்லிவிட்டிருக்கிறாள். அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு வைத்தியர் லேகியம் தருகிறார், ஒரு மண்டலம் சாப்பிட்டால் காசம் போய்விடும், அதைச் சாப்பிட்டால் பிள்ளையைச் சீக்கிரம் அனுப்புகிறோம் என்று. பிள்ளை என்ற சொல்லைக் கேட்டபிறகு அக்காவை யார் நிறுத்துவது? வைத்தியர் ஒரே ஒரு பத்தியம் சொன்னாராம். நாற்பத்தெட்டு நாளும் இங்கிலீஷ் மருந்து கூடாது. ரெண்டும் சேர்ந்தால் உடம்புக்குள் சண்டை போடுமாம். சரியென்று நிறுத்தியிருக்கிறார்கள்.

"நிறுத்துனா என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீ குதிப்ப" என்றாள் அம்மா. பிறகு சட்டியைத் துணியால் மூடிக்கொண்டே, "மருந்தைத் தூக்கிப் போட மனசு வருமாய்யா? அன்னன்னைக்கு உள்ளதை அன்னன்னைக்குத் தாள்ல மடிச்சு வச்சேன்" என்றாள்.

கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஜூன் 7. ஜூன் 8. நல்ல நேரம், சூலம், கரிநாள். ஜூன் 30 இருந்தது. அதற்கு அடுத்த பொட்டலம் ஜூலை 1. முப்பத்தொன்று இல்லை. இருக்காது. எழுத்தே தெரியாத அம்மா வைத்திருந்த கணக்கில் ஒரு நாள் கூடவோ குறையவோ இல்லை. பி.ஏ. படித்தவன் போட்டதில்தான் இல்லாத நாளுக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தாள்.

மொத்தம் ஐம்பத்து மூன்று பொட்டலம். நாற்பத்தெட்டு பத்தியத்துக்கு. மீதி ஐந்து, குமட்டல் தாங்காத நாட்கள். சனிக்கிழமை சாயந்திரமானால் அக்கா சுவருக்கு முன்னால் நின்று வாரத்துக்குரிய டிக்கையெல்லாம் மொத்தமாகப் போட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை நான் வருவதற்குள். அதைக் கேட்டதும் எனக்கு லாட்ஜ் கவுண்டர் ஞாபகத்துக்கு வந்தது. சனிக்கிழமை சாயந்திரம், அதே நேரம், நான் அங்கே உட்கார்ந்து திண்டுக்கல், தேனி, சொந்த வேலை என்று எழுதிக்கொண்டிருந்திருப்பேன். அது ஞாபகத்துக்கு வந்ததில் கோபம் இன்னும் ஏறியது. குறையவில்லை. பொட்டலங்களை அக்காவின் முன்னால் தள்ளினேன். உன் பிள்ளையை நீயே தள்ளிப் போட்டுக்கொண்டாய், இனி ஒரு வருஷம் நல்லா உட்கார் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் எழுத முடியாது.

அக்கா அதுவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வாரம் வாரம் வந்தியே, வந்ததும் செவுத்தத்தான பாத்த" என்றாள். "என் மூஞ்சிய ஒருநா பாத்தியாடா? பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், நான் மாத்திரை திங்கிறவளா திங்காதவளான்னு. நீ தாசில்தார் மாதிரி வந்து நின்ன. நான் தாசில்தாருக்குக் காட்டுற மாதிரி காட்டினேன்."

இருமல் வந்து அவளை மேலே பேசவிடவில்லை. அப்பா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. படிச்சவன் சொன்னால் கேட்கவேண்டும் என்று அன்றைக்கு அவர் சொல்லவும் இல்லை.

நான் காலண்டரை எடுத்து நாலாகக் கிழித்தேன். ரெட்டைப் போஸ்டர், பசை ஒட்டிக் கெட்டியாக இருந்தது. சுலபமாகக் கிழியவில்லை. முழங்காலால் மிதித்துக் கிழித்தேன். அந்தக் கோலத்தை இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனேன். புதுக் காலண்டர் ஒன்று போட்டுத் தரட்டுமா என்று அக்காவிடம் கேட்க மனசில் வைத்திருந்தேன். கேட்பதற்கு முன்னால் அவளே, "நீ ஒண்ணும் எழுத வேணாம். நானே பாத்துக்கிறேன்" என்றாள். அம்மாவின் தினக்காலண்டரைக் காட்டினாள். இனிமேல் அதை அம்மா கிழிக்கக் கூடாது. மாத்திரை முழுங்கி, அது வயிற்றில் நின்ற பிறகு அவளே கிழிப்பாள். முழுங்காத நாள், வாந்தியில் போன நாள், கிழிக்க மாட்டாள். அன்றைக்கு எந்தத் தேதியோ அந்தத் தேதி அப்படியே தொங்கும்.

இது என்ன முறை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒருநாள் விட்டால் வீட்டில் தேதியே ஒருநாள் பின்தங்கிவிடும். சொல்லியும் பார்த்தேன். தங்கட்டும் என்றாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நுழைந்தபோது காலண்டர் வெள்ளிக்கிழமை காட்டியது. வாயில் கேள்வி வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. "ரெண்டு நாளா நிக்கல, கொமட்டுது" என்று அவளாகவே சொன்னாள். மறுநாள் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். வெறும் வயிற்றில் வேண்டாம், கஞ்சி குடித்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று சொன்னார்கள். அம்புட்டுத்தான். முதல் வருஷமே இதைக் கேட்டிருந்தால் ஐந்து பொட்டலம் மிச்சம். கேட்கவேண்டியவன் மறுபடி முழுங்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானே.

அந்த வருஷம் பூராவும் எங்கள் வீட்டில் தேதி தப்பு. அம்மா பார்க்கிற அஷ்டமி வேறு, ஊருக்கு அஷ்டமி வேறு. நாள் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் ஏமாந்து போய் வாசலில் நின்று வைதாள். ஜனவரி பிறந்து ஆறு நாள் எங்கள் சுவரில் டிசம்பர். ஏழாம் நாள்தான் அக்கா பழைய காலண்டரின் கடைசித் தாளைக் கிழித்துவிட்டுப் புதுசை மாட்டினாள். அம்மா முணுமுணுத்தாள். அக்கா அசையவில்லை. அந்தக் காலண்டரைத் தொடுகிற தைரியம் எனக்கும் இல்லை.

ஆகஸ்டில் எக்ஸ்ரே நன்றாக இருந்தது. சளியும் சுத்தம். டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக் காலண்டர் அப்போது பதினோரு நாள் பின்னால் இருந்தது.

மறுநாளே கிளம்பினோம். நல்ல நாள் பார்க்கவேண்டும் என்றாள் அம்மா. என் காலண்டரில் இன்றைக்கு நல்ல நாள்தான் என்றாள் அக்கா. அன்றைக்கும் ஒரு தாளைக் கிழித்துவிட்டு, காலண்டரை ஆணியிலிருந்து கழற்றித் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மச்சான் வீட்டில் மாமியார் சீட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள். படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்துப் படித்தேன். எனக்கு அந்த லேகியத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் போல இருந்தது. ஐம்பத்து மூன்று பொட்டலத்தையும் அந்த முற்றத்தில் கொட்டவேண்டும் போல இருந்தது. "எல்லாம் அந்தப் பத்தியத்துல கேட்டதுதான்" என்றாள் மாமியார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

குழந்தை மாமியாரின் சேலைக்குப் பின்னால் நின்றது. போகும்போது ரெண்டு வயசு. இப்போது மூன்றரை தாண்டிவிட்டது. அக்கா கையை நீட்டினாள். வரவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சேலைக்குள் இன்னும் ஒளிந்துகொண்டது. யாரு இது என்று அது கேட்டது எனக்குக் காதில் விழுந்தது, அக்காவுக்கும் விழுந்தது.

அக்கா பையிலிருந்து காலண்டரை எடுத்து, சுவரில் ஒரு ஆணியைத் தேடி, குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினாள். மாமியார் பார்த்துவிட்டு, தேதி தப்பாக இருக்கிறதே என்றாள். இருக்கட்டும் என்றாள் அக்கா. பிறகு அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு தாளைச் சர்ரென்று கிழித்தாள்.

குழந்தை தலையை நீட்டிப் பார்த்தது. அக்கா இன்னொரு தாளின் ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள். அது வந்து கிழித்துவிட்டு ஓடிப்போனது. மறுபடி வந்தது. அடுத்த தாளுக்கு ஓடவில்லை, அங்கேயே நின்றது. ஏழோ எட்டோ ஆகும்போது அக்காவின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு கிழித்தது. கிழித்த தாளெல்லாம் அக்காவின் மடியில் விழுந்தது, அந்தத் தாளுக்கு மேலேயே அது உட்கார்ந்தும்கொண்டது. பதினோராவது தாள் கிழிந்ததும் அடியில் அன்றைய தேதி இருந்தது.

குழந்தை அதன் ஓரத்தையும் பிடித்துக்கொண்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தது. "இன்னொண்ணு?"

"இன்னைக்கு அம்புட்டுத்தான்" என்றாள் அக்கா. "நாளைக்கு."